செக்கச் செவேல்னு ஒரு ரூட்டு!

தூத்துக்குடி டு உவரி... முத்து, உப்பு, தேரி, பனை, ராக்கெட் எல்லாம் ஒரே ரோட்டில்! வீக் எண்ட் வேன் சவாரிக்கு நீங்க ரெடியா?

'கேரவன்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டு ஜம்முனு உட்கார்ந்திருப்பாரே... அந்த வண்டிதானே? ஆனால் ஆஸ்திரேலியா பக்கம் போய்க் கேட்டுப் பாருங்க. ரிட்டயர் ஆன தாத்தா, பாட்டியெல்லாம் படுக்கை, அடுப்பு, தண்ணி டேங்க் சகிதம் ஒரு கேரவனைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு மாசக்கணக்கில் ஊர் சுற்றுவார்கள். அவர்களுக்கு 'நரைத்த நாடோடிகள்' என்று செல்லப் பெயரே உண்டு! அவங்க போறது அவுட்பேக் எனப்படும் உள்நாட்டுப் பொட்டல் பூமிக்கு. கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் செக்கச் செவேல்னு மணல். அடுத்த பெட்ரோல் பங்க் எங்கே இருக்குன்னு பார்த்துத்தான் வண்டியையே எடுக்கணும்.

'ஆஹா, நமக்கு எங்கே அந்த யோகம்... பாஸ்போர்ட்டே இன்னும் எடுக்கல!' என்று பெருமூச்சு விடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்க பாஸ். பாஸ்போர்ட், விசா எதுவும் வேண்டாம். முத்துநகர் எக்ஸ்பிரஸுக்கு ஒரு டிக்கெட் போதும். அதே சிவப்பு மணல், அதே பொட்டல் வெயில், அதே முத்துக் கடல் எல்லாம் நம்ம தூத்துக்குடி மாவட்டத்திலேயே இருக்கு!

தூத்துக்குடியில் கிளம்பி, திருச்செந்தூர் வழியாகத் தேரிக்குள் நுழைந்து, குலசை, மணப்பாடு பார்த்துவிட்டு உவரியில் போய் நிறுத்தினால், சுத்தி வளைத்து 120 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். பைக்கில் முறுக்கினால் ஒரே நாளில் முடிச்சிடலாம்தான். ஆனா வேண்டாம். ஆறேழு பேர் சேர்ந்து ஒரு வேன் பிடிங்க. இரண்டு ராத்திரி, மூணு பகல் ஒதுக்குங்க. இது நின்று நின்று பார்க்கவேண்டிய ரூட்டு.

வண்டி எது?

கேரளா 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கு என்று தனிக் கொள்கை போட்டுவிட்டது. படுக்கை, கிச்சன் எல்லாம் வைத்த சொகுசு வண்டியை வாடகைக்குத் தருகிறார்கள். நம்ம காலேஜ் பட்ஜெட்டுக்கு அது தாங்காது. ஒரு டெம்போ டிராவலர் போதும். பின் ஸீட்டில் பாய், தலையணை, இரண்டு பெரிய தண்ணீர் கேன், ஒரு ஐஸ் பெட்டி... முடிஞ்சது, உங்க கேரவன் ரெடி! ஒரே ஒரு கண்டிஷன். வாடகை வண்டின்னா மஞ்சள் போர்டு வண்டியாகத்தான் இருக்கணும். 'எங்க மாமா வண்டிடா, சும்மா டீசல் மட்டும் போடு' என்று வெள்ளை போர்டு வண்டிக்குக் காசு கொடுத்துப் போனால், வழியில் ஏதாவது ஒன்று என்றால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும்.

ஸ்டார்ட்டிங் பாயின்ட்... நைட் கிளப்!

பதறாதீங்க. தூத்துக்குடியில் 'நைட் கிளப்' என்றால் ராத்திரி புரோட்டாக் கடை! எண்ணெயில் மொறுமொறுன்னு பொரித்த புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றுவார்கள். 'நைட் கிளப் போயிட்டு வந்தோம்' என்று ஹாஸ்டலில் போய் தைரியமாகச் சொல்லிக்கலாம். கையோடு ஒரு பாக்கெட் மக்ரூனும் வாங்கிக்குங்க. முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு மூணும் சேர்ந்த அந்தக் கூம்பு, வாயில் போட்டதும் காணாமல் போகும்.

காலையில் துறைமுகம் பக்கம் ஒரு ரவுண்டு. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரனுக்குத் தண்ணி காட்டிய ஊர் இது. இன்றைய பெரிய துறைமுகம் 1974-ல் வந்தது. 2011-ல் அதற்கு வ.உ.சி. பெயரையே வைத்தார்கள். அங்கிருந்து திருச்செந்தூர் ரோட்டைப் பிடித்தால் இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல்கள். கூலிங் கிளாஸ் பந்தாவுக்கு அல்ல, நிஜமாகவே இங்கே தேவைப்படும். அப்படிக் கண் கூசும். அந்த வெயிலில், அந்த உப்புத் தண்ணியில் நின்று வாருகிற ஆணும் பெண்ணும் எப்படித் தாங்குகிறார்கள் என்று ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தி யோசிங்க.

சரி, 'முத்து நகர்' என்று பெயர் இருக்கே... முத்து எங்கே?

ரயிலின் பெயரில் மட்டும்தான் இருக்கு!

இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக உலகத்துக்கே முத்து அனுப்பிய கடல் இது. கடலுக்கு அடியில் முத்துச் சிப்பி படுக்கிற பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். முத்துக் குளிக்கிற சீசனுக்குப் பெயர் 'சலாபம்'. குளிக்கிறவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு சர்ரென்று அடியில் இறங்குவார். ஆக்ஸிஜன் சிலிண்டரா, ஒண்ணா? ஒரு மூச்சு, அவ்வளவுதான். ஒரு நிமிஷத்துக்குள் சிப்பிகளைப் பையில் அள்ளிப் போட்டுக் கயிற்றை ஆட்டுவார். மேலே படகில் இருப்பவர் இழுக்கணும். அவர் அசந்தால் இவர் உயிர் போச்சு. சுறா வராமல் இருக்க மந்திரம் சொல்ல 'கடல் கட்டி' என்று ஓர் ஆளே உண்டு. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோகூட இதைப் பார்த்து வியந்து எழுதி வைத்திருக்கிறார்.

கடைசிச் சலாபம் 1961-ல் நடந்தது. அதற்கப்புறம்... ம்ஹூம். இடையில் சில வருஷம் சிப்பி இல்லாமல் போவதும், பிறகு திரும்ப வருவதும் இந்தக் கடலுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்த முறை அறுபது வருஷம் தாண்டியும் சலாபம் நடக்கவில்லை. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் இதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். ஆனாலும் கடல் தானாகக் கொடுத்த முத்து திரும்பவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் மட்டும் இன்னும் கடலுக்குள் இறங்குகிறார்கள். வங்காளத்துப் பெண்கள் கல்யாணத்துக்குப் போடுகிற சங்கு வளையல் இருக்கே... அதற்கான சங்கு ரொம்ப காலமாக இங்கிருந்துதான் போகிறது.

ஆஸ்திரேலியாவில் இதற்கு ஓர் அண்ணன் ஊர் உண்டு. பெயர் புரூம். மேற்குக் கரையில், சிவப்பு மண் நேராகக் கடலில் இறங்குகிற ஊர். அங்கே சிப்பி எடுத்தது முக்கியமாகச் சட்டைப் பட்டனுக்கு! பிளாஸ்டிக் பட்டன் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. சிப்பிக்காக முங்கப் போய் அங்கேயே செத்துப்போன ஜப்பான்காரர்களுக்கு என்று தனிக் கல்லறையே இருக்கு. 900 பேருக்கு மேல்! முத்து என்றால் நமக்கு நெக்லஸ்தான் ஞாபகம் வரும். அதற்காக மூச்சைப் பிடித்தவர்களை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

கடலே இல்லாத துறைமுகம்!

அடுத்து பழையகாயல், முக்காணி. முக்காணியிலிருந்து ஏரல் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே போனால் கொற்கை. பாண்டியர்களின் பெரிய துறைமுகம். கிரேக்க மாலுமிகளின் குறிப்பிலேயே பெயர் இருக்கிற ஊர். போய் இறங்கிப் பார்த்தால் கடலையே காணோம்! வயலும் வாழையும்தான். தாமிரபரணி வண்டல் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு. கொற்கைக்கு அப்புறம் பழையகாயல் துறைமுகம் ஆனது. மார்க்கோ போலோ 'காயல்' என்று எழுதியது அதைத்தான். அதுவும் தூர்ந்துபோன பிறகு வந்ததுதான் தூத்துக்குடி. ஹிஸ்டரி பேப்பரில் ரெண்டு பக்கம் படிச்சு அரியர் வைக்கிற மேட்டரை, அரைமணி நேர டிரைவில் பார்த்து முடிச்சிடலாம்.

ஆற்றைத் தாண்டினால் ஆத்தூர். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை ஊர். பச்சைப்பசேல் என்று கொடிக்கால். இதைக் கண்ணில் நல்லா நிரப்பிக்குங்க. ஏன்னா, இன்னும் அரைமணி நேரத்தில் பச்சை காணாமல் போகப் போகுது.

வழியில் காயல்பட்டினம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஊர் நியூஸில் அடிபட்டதே, ஞாபகம் இருக்கா? ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! இந்த மாவட்டத்துக்கு ஒரு வருஷம் பூராவும் பெய்கிற மழையைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. 'வறண்ட ஏரியாதானே, எப்ப வேணா போகலாம்' என்று நினைப்பவர்களுக்கு ஒரு பாடம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கிளம்பினால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்க.

தேரி... வந்தாச்சு!

திருச்செந்தூரில் முருகனுக்கு ஒரு ஹாய் சொல்லிவிட்டு, பனையோலைப் பெட்டியில் சில்லுக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு மேற்கே காயாமொழி ரோட்டில் திரும்புங்க. பத்து, பதினைந்து நிமிஷம்தான். சட்டென்று மண்ணின் நிறம் மாறும். முதலில் செங்கல் நிறம். அப்புறம் மிளகாய்ப்பொடி நிறம். இதுதான் தேரி. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் திட்டுத் திட்டாக இருக்கிற செம்மணல் மேடுகள். இங்கே இருப்பது குதிரைமொழித் தேரி.

ஏன் இந்த நிறம்? மணலின் ஒவ்வொரு பொடியைச் சுற்றியும் இரும்பு ஆக்ஸைடு பூச்சு. ஆஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனம் சிவந்திருப்பதும் இதே காரணத்தால்தான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வருகிற காய்ந்த காற்று இந்தச் சமவெளி முழுக்க வீசும். அப்போது மணல் எழுந்து ஓடும். நீங்க நடந்த கால் தடம் திரும்பி வரும்போது இருக்காது. இப்படி ஓடுகிற மணல் வயலையும் ஊரையும் மூடாமல் இருக்கத்தான் ஆங்கிலேயர் காலத்திலேயே மரம் நட்டு மணலைக் கட்டிப்போடப் பார்த்தார்கள். இன்றைக்கும் பனை, கொல்லாமரம், உடைமரம் எல்லாம் சேர்ந்துதான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. (கொல்லாமரம் தெரியாதா? முந்திரி மரம்தாங்க. இந்தப் பக்கம் வந்து 'முந்திரிப் பழம்' என்று கேட்டால் உங்களை வெளியூர் என்று கண்டுபிடிச்சிடுவாங்க!)

இப்போ ஓர் ஆச்சரியம். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். பேரிலேயே விஷயம் இருக்கு, கவனிச்சீங்களா? இந்தச் செம்மணல் காட்டுக்கு நடுவில் ஒரு சுனை! தேரியில் விழுகிற மழை ஓடையாக ஓடாது. மணல் அப்படியே குடித்துவிடும். குடித்த தண்ணியைப் பத்திரமாக அடியில் வைத்திருந்து, ஓரங்களில் மெதுவாக விடும். அதனால்தான் தேரியின் ஓரத்து ஊர்களில் கிணறும் தோட்டமும் பிழைக்கின்றன. சாத்தான்குளம் பக்கம் தேரி ஓரத்து ஏரிகளுக்குத் 'தருவை' என்றே தனிப்பெயர். மேலே பாலைவனம், கீழே தண்ணித் தொட்டி... இதுதான் தேரியின் ரகசியம்.

பக்கத்திலேயே தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில். கார்த்திகைக் கடைசியில் இங்கே 'கள்ளர் வெட்டு' திருவிழா. பயந்துடாதீங்க, வெட்டுவது இளநீரைத்தான்! இளநீர் தண்ணி சிந்திய செம்மணலை ஜனங்கள் முந்தியடித்து அள்ளி வீட்டுக்குக் கொண்டு போவார்கள். நீங்க ரீல்ஸ் எடுக்கிற மணல் அவங்களுக்குத் திருநீறு மாதிரி. இதை மட்டும் மறக்காதீங்க.

அண்ணாச்சி... ஒரு பட்டை பதனி!

பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் வந்தீங்கன்னா உங்களுக்கு ஜாக்பாட். விடியற்காலையில் பனை ஏறி இறங்குகிற அண்ணாச்சியிடம் கேளுங்க. பச்சை ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் பதனி ஊற்றித் தருவார். எந்த கூல் டிரிங்க்ஸும் பக்கத்தில் நிற்க முடியாது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி வைப்பதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் பதனியாகவே இருக்கு. நாம் லேபில் பண்ணுகிற கெமிஸ்ட்ரியை அவர் மரத்து உச்சியில் பண்ணுகிறார்!

அந்தப் பதனியைக் காய்ச்சத் தேரிக்குள்ளேயே ஓலைக் குடிசை போட்டிருப்பார்கள். அதற்கு 'விடிலி' என்று பெயர். மணிக்கணக்கில் புகையில் நின்று கிண்டுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆற வைத்தால் கருப்பட்டி. புவிசார் குறியீடு வாங்கியிருக்கிற உடன்குடி கருப்பட்டி இதுதான். ஆனால், ஒரு நாளைக்குப் பல மரம், காலையும் மாலையும் ஏறி இறங்க இன்றைக்கு யார் வருகிறார்கள்? ஏறுகிறவரிடம் 'உங்க பையன் ஏறுறானாண்ணே?' என்று கேட்டுப் பாருங்க. சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பதில் இருக்கும். பேரம் பேசாமல் ஒரு கிலோ கருப்பட்டி வாங்கிட்டு வாங்க. சர்க்கரை கலக்காத கருப்பட்டி விலை கூடத்தான் இருக்கும். காரணம் இப்போ உங்களுக்கே தெரியும்.

ராக்கெட்டும் சிலுவையும்

உடன்குடியிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் குலசேகரன்பட்டினம். தசரா வந்தால் காளி, குரங்கு, போலீஸ், குறவன் என்று வேஷம் போட்டவர்கள் ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு முத்தாரம்மன் கோயிலுக்கு வந்து சேருகிற குலசை! இப்போது இந்த ஊருக்கு இன்னொரு வேஷமும் சேர்ந்திருக்கு. இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம். 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள்.

ஏன் குலசை? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ராக்கெட் விட்டால் அது இலங்கைக்கு மேலே போகும். அதனால் ஒரு வளைவு போட்டுச் சுற்றிப் போகவேண்டியிருக்கிறது. பெரிய ராக்கெட் தாங்கும். எஸ்.எஸ்.எல்.வி. மாதிரிக் குட்டி ராக்கெட்டுக்கு அந்த வளைவிலேயே எரிபொருள் காலி. குலசையிலிருந்து தெற்கே வெறும் கடல்தான். நேரா விட்டுறலாம். இன்ஜினீயரிங் நண்பர்கள் இந்த இடத்தில் வண்டியை நிறுத்தி மேப்பைத் திறந்து பாருங்க, சட்டுனு புரியும்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற மணல் குன்று, அதன் உச்சியில் 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், கீழே வளைந்து கிடக்கிற உப்பங்கழி. 1542-ல் இந்த முத்துக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகையும் இருக்கு. சாயங்காலம் குன்றின் மேல் உட்கார்ந்தால் எழுந்து வர மனசு வராது. செல்போனைக் கொஞ்ச நேரம் பாக்கெட்டிலேயே வைங்க.

'ஒண்ணுமில்லாத இடம்'

மணப்பாட்டு மணலில் உட்கார்ந்து பேச ஒரு மேட்டர் சொல்லவா? ஜாலியான மேட்டர் இல்லை. ஆனா முக்கியமானது.

'அந்தப் பக்கம் என்னடா இருக்கு? ஒண்ணுமில்ல, வெறும் பொட்டக் காடு!' இந்த வார்த்தையை நம்ம ஹாஸ்டலிலேயே கேட்டிருப்பீங்க. ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரர்கள் இறங்கியபோதும் இதைத்தான் சொன்னார்கள். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று அவர்கள் சட்டமே நினைத்தது. அங்கே ஐம்பதாயிரம் வருஷத்துக்கு மேலாகப் பூர்வகுடிகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்! அது தப்பு என்று அந்த நாட்டு உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது எப்போது தெரியுமா? 1992-ல், மாபோ வழக்கில். அதற்குள் அந்த 'ஒண்ணுமில்லாத' பூமியில் என்னென்னவோ நடந்துவிட்டது. 1956-லிருந்து 1963 வரை பிரிட்டன் மாரலிங்கா என்ற இடத்தில் அணுகுண்டு வெடித்தே பார்த்தது. அங்கே இருந்தவர்களை முன்னாடியே வெளியேற்றிவிட்டுத்தான்.

நம்ம தேரிக்கு வருவோம். இந்தச் செம்மணலில் இல்மனைட் என்ற தாது இருக்கு. பெயின்ட்டிலிருந்து டூத் பேஸ்ட் வரைக்கும் வெள்ளை நிறம் கொடுக்கிற டைட்டானியம் டை ஆக்ஸைடு அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். சாத்தான்குளம் வட்டாரத்தில் இதற்காக ஒரு தொழிற்சாலை அமைக்க டாடா நிறுவனம் அரசோடு 2002-ல் ஒப்பந்தம் போட்டது. 2007-ல் நிலம் எடுக்கும் பேச்சு வந்ததும் எதிர்ப்பு கிளம்பி, திட்டம் நின்றது. 'வேலை கிடைக்குமே' என்று ஒரு பக்கம், 'தண்ணி போயிருமே' என்று இன்னொரு பக்கம். கடற்கரைத் தாது மணல் அள்ளத் தமிழக அரசு 2013-ல் தடை போட்டது தனிக் கதை.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்தப் பக்கம் வரவில்லை. தொழிற்சாலையும் வேண்டும், ராக்கெட்டும் வேண்டும், வேலையும் வேண்டும். ஆனால் பேச்சு எங்கே ஆரம்பிக்குது என்று பாருங்க. 'அங்கே ஒண்ணுமில்ல' என்று ஆரம்பித்தால், அங்கே இருக்கிறவர்களிடம் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிரும். தேரியில் என்ன இருக்கு என்று இப்போ உங்களுக்குத் தெரியும். சுனை இருக்கு. விடிலி இருக்கு. அய்யனார் இருக்கார். ஓரத்துக் கிணறுகளுக்கான தண்ணி இருக்கு. முத்துப் பார் இருந்தபோதும் 'கடலில் எடுக்க எடுக்கக் குறையாது' என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1961-ல் எடுத்தவர்களுக்கு அதுதான் கடைசிச் சலாபம் என்று தெரிந்திருக்குமா?

நாளைக்கு உங்களில் ஒருத்தர் கலெக்டர் ஆகலாம், ஒருத்தர் கம்பெனியில் பிளான் போடலாம், ஒருத்தர் இஸ்ரோவிலேயே உட்காரலாம். உங்க மேஜைக்கு ஒரு மேப் வரும். அதில் ஒரு காலி இடத்துக்கு 'தரிசு' என்று எழுதியிருக்கும். அப்போது இந்த வேன் பயணம் ஞாபகத்துக்கு வந்தால் போதும். ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவீர்கள்.

கடைசி ஸ்டாப்

மணப்பாட்டிலிருந்து பெரியதாழை வழியாக உவரி. நெல்லை மாவட்டம் வந்தாச்சு. அந்தோணியார் கோயில், சுயம்புலிங்க சுவாமி கோயில், கப்பல் வடிவத்திலேயே கட்டிய கப்பல் மாதா கோயில் என்று கடலோரம் களை கட்டும். 'கொற்கை' நாவலுக்காக 2013-ம் வருஷ சாகித்ய அகாதமி விருது வாங்கிய ஜோ டி குருஸ் இந்த ஊர்க்காரர்தான். வேனில் ஒரு காப்பி போட்டு வைங்க. பார்த்த ஊர்களெல்லாம் அதில் திரும்ப வரும்.

நேரமிருந்தால் உள்ளே இடையன்குடிக்கும் ஒரு எட்டு. அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் 1841-ல் வந்து சேர்ந்தது இந்தத் தேரிக் காட்டுக்குத்தான். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அவர் 1856-ல் வெளியிட்டார். அவர் கட்டிய கோயிலும், வாழ்ந்த வீடும் இன்னும் இருக்கு. ஒண்ணுமில்லாத இடம் என்று யாராவது சொன்னால் அந்த வீட்டைக் கைகாட்டுங்க!

கிளம்புறதுக்கு முன்னாடி...

* தேரியின் பெரும்பகுதி வனத்துறை வசம். கோயில் பாதை, ஊர்ப் பாதை தாண்டி உள்ளே போவதென்றால் அனுமதி கேளுங்க. வேனை மணலில் இறக்கவே இறக்காதீங்க. சக்கரம் புதைந்தால் இழுக்க ஆள் கிடைக்காது.

* ஸ்டெப்னியில் காற்று இருக்கான்னு பாருங்க. உடைமுள் டயரைப் பதம் பார்க்கும், செருப்பையும் விடாது.

* ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணி கணக்கு. காலை 10-லிருந்து மாலை 4 வரை தேரியில் நடக்க வேண்டாம். மேட்டுக்கு மேடு ஒரே மாதிரி இருக்கும், திசை குழம்பும். தனியா போகாதீங்க.

* காய்ந்த ஓலை நிறைந்த இடம். கேம்ப் ஃபயர் ஆசை வேண்டாம். அடுப்பு பற்றவைப்பது ரோட்டோரம், வெட்டவெளியில்.

* ராத்திரி தங்கத் திருச்செந்தூர்தான் வசதி. எல்லா பட்ஜெட்டுக்கும் ரூம் உண்டு. கடற்கரையில் வண்டி போட்டுத் தூங்குவதாக இருந்தால் முதலில் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை.

* கடலில் இறங்கும் முன் வலை பின்னுகிற அண்ணாச்சியிடம் கேளுங்க. அவர் 'வேண்டாம் தம்பி' என்றால் வேண்டாம்தான்.

* ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை பூர்வகுடிகளுக்குப் புனிதம். அவர்கள் கேட்டுக்கொண்டதால் 2019 அக்டோபரிலிருந்து அதன் மேல் யாரும் ஏறுவதில்லை. அய்யனார் கோயிலிலும் அதே மரியாதை. குப்பை, பாட்டில் எல்லாம் வேனோடு வந்து வேனோடு போகணும்.

* ஆளை போட்டோ எடுப்பதற்கு முன் பேரைக் கேளுங்க. பேசிட்டு எடுத்தால் போட்டோவும் நல்லா வரும்.

என்ன, செமஸ்டர் லீவு எப்போ? வேன் பேசியாச்சா? வீட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்தும் உங்க ஷூவை உதறினால் சிவப்பாகக் கொஞ்சம் மணல் கொட்டும். அம்மா திட்டுவாங்க. 'எங்கேடா போய்ப் புரண்டுட்டு வந்தே?' என்று கேட்டால், கையில் இருக்கிற கருப்பட்டியைக் கொடுத்து ஒரு காபி போடச் சொல்லிட்டு, உட்கார்ந்து கதையைச் சொல்லுங்க!